மடியும் பாதமும்

பால் உப்புக் கரித்தால் மடியைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது மாடு வைத்திருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோழி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றால் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது கோழி வளர்ப்பவருக்கும் தெரியும். இவர் பார்ப்பதையும் அவர் பார்ப்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை. மாட்டு நோய்க்கு ஒரு புத்தகம், கோழி நோய்க்கு வேறொரு புத்தகம். இரண்டையும் ஒரே மூச்சில் வாசிப்பவர் அரிது. அப்படி ஒருமுறை வாசித்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒருபக்கம் கறவை மாட்டின் மடிநோய். மறுபக்கம் கோழியின் உள்ளங்காலில் வரும் கட்டி. கோழி மருத்துவர்கள் இதைப் பம்பிள்ஃபுட் என்பார்கள், நாம் பாதக்கட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வேறு கிருமிகளும் காரணமாகலாம். ஆனால் இரண்டிலும் திரும்பத் திரும்பக் கையும் களவுமாகப் பிடிபடுவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மருத்துவர்கள் செல்லமாக ஸ்டாஃப் என்று சுருக்கிவிட்டார்கள், நாமும் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் நுழைவாயிலைப் பார்ப்போம். காம்பின் நுனியில் இருக்கும் துவாரம் திறப்பதற்கென்றே அமைந்த வாசல். கறக்காத நேரத்தில் தசை இறுகிக் கெரட்டின் பசை அதை அடைத்துவைக்கிறது. கறந்து முடித்த பிறகு மீண்டும் இறுக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. கோழியின் உள்ளங்காலோ ஒருபோதும் திறக்கக்கூடாத மதில். தடித்த தோல், அடியில் மெத்தை போன்ற திசு. காம்பு ஒரு நாளைக்கு இருமுறை திறக்கிறது, அதுவும் நாமே திறக்கிறோம். பாதம் திறப்பதே விபத்து: கட்டையின் சிலாம்பு, கம்பி வலையின் முனை, உயரத்திலிருந்து குதித்த அதிர்ச்சி, ஈரக் கூளத்தில் ஊறி இளகிய தோல். ஆக மாட்டுக்கு வாசலைச் சரியாக மூடாத குற்றம், கோழிக்கு மதிலில் ஓட்டை விழுந்த குற்றம். ஸ்டாஃப் இரண்டு இடத்திலும் பெரிதாக உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. வெளியே தோலின்மேல் காத்திருந்தது, வழி கிடைத்ததும் போனது.

பரவும் விதத்தில் இரண்டும் எதிரெதிர் திசையில் பிரிகின்றன. ஸ்டாஃப் தரும் மடிநோய் ஒட்டுவாரொட்டி. நோயுள்ள மாட்டைக் கறந்த கை, மடியைத் துடைத்த அதே துணி, கறவை இயந்திரத்தின் ரப்பர் உறை, இவை போதும் அடுத்த மாட்டுக்கு. அதனால்தான் இளங்கறவைகளை முதலில் கறந்து, நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறக்கச் சொல்கிறார்கள். பாதக்கட்டி அப்படி ஒரு கோழியிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. ஒவ்வொரு கோழியும் தன் காயத்தைத் தானே தேடிக்கொள்கிறது. கிருமியும் பெரும்பாலும் அதன் தோலிலோ கூளத்திலோ ஏற்கெனவே இருந்ததுதான். ஒரு கொட்டகையில் பத்து மாடுகளுக்கு வந்தால் கறப்பவரின் கையைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு கூண்டில் பத்துக் கோழிகளுக்கு வந்தால் அவை உட்காரும் கட்டையைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் இந்த வேறுபாட்டுக்குள்ளேயே ஓர் உறவு ஒளிந்திருக்கிறது. மாட்டின் மடி வெளியே பார்க்க ஒன்று, உள்ளே நான்கு. நான்கு அறைகளின் பாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஓர் அறை கெட்டாலும் மற்ற மூன்றும் நல்ல பாலையே தரும். ஓர் அறையின் நோயை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கை. கோழிக்கு இரண்டே பாதம். ஒரு பாதத்தில் கட்டி வந்தால் வலி தாங்காமல் பாரத்தை மறு பாதத்துக்கு மாற்றுகிறது. ஓயாத பாரத்தால் அந்தப் பாதத்தின் தோலும் நசுங்கிக் கன்றி, சில வாரங்களில் அங்கேயும் கட்டி. மாட்டில் அறைக்கு அறை கடத்துவது கறப்பவரின் கை. கோழியில் காலுக்குக் கால் கடத்துவது அதன் சொந்த எடை. கடத்துபவர்தான் வேறு, கடத்தல் ஒன்றுதான்.

இனி சீழுக்கு வருவோம். முகம் சுளிக்க வேண்டாம். இந்த ஒப்பீட்டின் மிக அழகான பகுதி அங்கேதான் இருக்கிறது.

மாட்டின் இரத்தத்தில் கிருமியை விழுங்க முதலில் ஓடிவரும் வெள்ளணு நியூட்ரோஃபில். கோழிக்கு அந்த வேலையைச் செய்வது ஹெட்டரோஃபில். நியூட்ரோஃபிலிடம் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி உண்டு, ஹெட்டரோஃபிலிடம் இல்லை. இப்படிப்பட்ட நொதிக் குறைபாட்டால் கோழியின் உடலில் செத்த திசு கரைந்து நீர்த்துப்போவதில்லை. மாட்டின் சீழ் வழிகிறது, கோழியின் சீழ் உறைகிறது. பாதக்கட்டியைக் கீறினால் ஒழுகுவது எதுவும் இல்லை. மஞ்சளும் வெளுப்புமாய் உலர்ந்த பன்னீர்த் துண்டு போல ஒரு கெட்டிக் கரு இடுக்கியில் சிக்குகிறது. பால் தரும் விலங்கில் சீழ் பாலோடு பாலாக ஓடுகிறது, பாலே தராத பறவையில் அது பாலாடைக்கட்டியாக இறுகுகிறது. இயற்கைக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் மாட்டின் சீழ் வழிகிறது என்று நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மடிக்குள் போன ஸ்டாஃப் பால்நாளங்களைத் தாண்டித் திசுவுக்குள் இறங்கிச் சின்னஞ்சிறு சீழ்ப்பைகளாகத் தங்குகிறது. உடல் அவற்றைச் சுற்றி நார்த்திசுவால் வேலி போடுகிறது. நாளாக ஆகப் பால் சுரக்கும் திசு இருந்த இடத்தில் நார் நிறைகிறது. ‘மடி கல்லாயிடுச்சு’ என்று சொல்வது இந்த நிலையைத்தான். இப்போது இரண்டையும் திரும்பப் பாருங்கள். கோழி கெட்டிக் கருவுக்குள் கிருமியைப் புதைக்கிறது, மாடு நார்வேலிக்குள் கிருமியைச் சிறைவைக்கிறது. இரண்டு உடலும் வெவ்வேறு பொருளால் ஒரே கட்டடத்தைத்தான் கட்டுகின்றன. கட்டியது சிறை, ஆனால் உள்ளே இருப்பவனுக்கு அது கோட்டை. ஊசியில் ஏற்றும் மருந்தோ காம்பு வழியே செலுத்தும் மருந்தோ அந்தச் சுவரைத் தாண்டிப் போதிய அளவில் உள்ளே போவதில்லை. போதாக்குறைக்கு, ஸ்டாஃப் தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கவும் பழகியிருக்கிறது. நாள்பட்ட ஸ்டாஃப் மடிநோய் ஏன் குணமாக அடம்பிடிக்கிறது என்பதற்கும், பாதக்கட்டிக்கு மருந்தைவிடக் கத்தி ஏன் மேல் என்பதற்கும் விடை ஒன்றே.

கண்டுபிடிக்கும் வழியில் மறுபடியும் பிரிவு. அறிகுறியற்ற மடிநோயில் மாடு தின்னும், அசைபோடும், பாலும் வெள்ளையாகவே இருக்கும். அதைப் பிடிக்க 1957இல் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்ட கலிஃபோர்னியாச் சோதனை இன்றும் போதுமானதாக இருக்கிறது. நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு காம்பின் பால் கொஞ்சம், அதே அளவு சோதனைத் திரவம். தட்டை வட்டமாகச் சுழற்றுகிறோம். மூன்று குழிகளில் திரவம் தண்ணீராகவே ஓடுகிறது. நான்காவதில் பத்து நொடிக்குள் கோழைபோல் திரண்டு, தட்டைச் சாய்த்தால் மொத்தையாக வழுகுகிறது. அந்தப் பாலில் குவிந்திருக்கும் வெள்ளணுக்களின் டி.என்.ஏ.தான் அப்படிக் குழைகிறது. மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் அணுக்களைத் தாண்டினால் அந்த அறையைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு.

கோழிக்கு இப்படி எந்தத் திரவமும் வேண்டாம். மடியில் மல்லாத்திப் போட்டுப் பாதத்தை விரித்தால் போதும். நடுவில் மிளகளவு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்து பளபளக்கும் வீக்கம், தொட்டால் சூடு. ஒளிவுமறைவே இல்லாத நோய். ஆனாலும் பார்க்கப்படாமலே போகிறது, ஏனென்றால் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் இடத்தில் ஒரு கோழியைத் தூக்கி உள்ளங்காலைப் பார்க்க யாருக்கு நேரம்? ஒன்று கண்ணுக்குத் தெரியாத நோய், ஆனால் அதைத் தேடச் சோதனை இருக்கிறது. மற்றது கண்ணெதிரே இருக்கும் நோய், ஆனால் பார்க்கக் கண் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு: மடியில் இருக்கும் ஸ்டாஃப் எல்லா நாளும் பாலில் வெளியேறுவதில்லை. இன்று ஆய்வகம் ‘இல்லை’ என்றால் நாளையும் இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. பாதக்கட்டி அப்படி ஏமாற்றுவதில்லை.

வைத்தியத்தைத் தீர்மானிப்பது விலை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஓர் அறை வற்றிய மாட்டுக்குச் சந்தையில் ‘மூணு காம்பு மாடு’ என்று பெயர். அந்த மூன்று சொல்லுக்குள் விலையும் இறங்கிவிடும். அதனால் மாட்டுக்குச் செலவழிக்கிறோம்: மருந்துக் குழாய், அந்நாட்களின் பாலை வீட்டுக்கோ சொசைட்டிக்கோ தராமல் கொட்டுவது, சினைமாட்டுக்குப் பால்வற்றிய காலத்தில் தரும் மருந்து. முட்டைக் கோழிக்கு இதில் கால்வாசியும் நடக்காது, கழித்துவிடுவார்கள். விதிவிலக்கு அசில் சேவல் வளர்ப்பவர்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் காலை ஊறவைத்து, பொருக்கை இளக்கி, கருவை நோண்டி எடுத்து, பஞ்சுவைத்துக் கட்டி, வைக்கோல் மெத்தையில் விடும் பொறுமை அவர்களுக்கு உண்டு.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறை தமிழ்நாட்டில் பரவலாகிவிட்டது: கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்ததும் மஞ்சள் நிறம் செந்நிறமாக மாறும். வீக்கமும் சூடும் தொடக்கத்தில் இருக்கும்போது பூசியவர்கள் பலன் கண்டதாகச் சொல்வதை நான் மறுக்கவில்லை. மடியைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பாலை முழுதும் பீச்சி எடுக்கும் ஒழுங்கும் அதோடு சேர்ந்து வருகிறது அல்லவா? ஆனால் நார்வேலி போட்டுக் கல்லான மடியை வெளிப்பூச்சு இளக்கும் என்று நம்ப என் மனம் இடம் தரவில்லை. பாதக்கட்டியின் கருவை எந்தக் களிம்பும் கரைக்காததுபோலத்தான் இதுவும்.

இதுவரை பார்த்தது நோய்களின் உறவு. கிருமிகளின் உறவு இதைவிட வியப்பானது.

பெல்ஜியத்தைச் சேர்ந்த டெவ்ரீஸ் என்ற கால்நடை நுண்ணுயிரியலாளர் 1972இல் மடிநோய் மாடுகளின் பாலில் மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபைக் கண்டு சொன்னார். விலங்குகளில் அத்தகைய ஸ்டாஃப் அறியப்பட்டது அதுவே முதல்முறை. அவரே 1984இல், எளிய சில சோதனைகளைக் கொண்டு ஸ்டாஃபை மனிதவகை, மாட்டுவகை, கோழிவகை என்று பிரிக்க வழி காட்டினார். அதன்படி மாட்டுவகை மாட்டின் பிளாஸ்மாவை உறையவைக்கும், கோழிவகை அதைச் செய்யாது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் கூட்டு. மனிதவகை சுரக்கும் ஸ்டஃபைலோகைனேஸ் என்ற பொருளை இரண்டுமே பொதுவாகச் சுரப்பதில்லை. அதற்கான மரபணு, கிருமியின் மரபுத்தொகுதிக்குள் குடிபுகுந்த ஒரு வைரஸின் சுமையில் இருக்கிறது. மனித உடலின் எதிர்ப்பை ஏய்க்கும் கருவிகள் அந்தச் சுமைக்குள்தான். மனிதனை விட்டு வேறு விலங்கிடம் போன கிருமிக்கு அந்தக் கருவிகளால் பயனில்லை. ஊர் மாறிப் போகிறவர் பழைய வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டதுபோல இரண்டும் போட்டுவிட்டன. மாட்டுவகையில் இன்னொரு வேடிக்கை. அந்த வைரஸ் வழக்கமாகக் குந்தும் இடம், செல்சவ்வைச் சிதைக்கும் ஒரு நச்சின் மரபணுவுக்கு நட்டநடுவில். வைரஸ் கிளம்பியதும் அந்த மரபணு பழையபடி வேலைசெய்யத் தொடங்கிவிடுகிறது.

சாவியைப் போட்டவர் என்றால், முன்பு சாவி வைத்திருந்தவர் என்றுதானே பொருள்? அப்படித்தான். எடின்பரோவின் ரோஸ்லின் நிலையத்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறிக்கோழிகளில் கிடைத்த ஸ்டாஃபில் பெரும்பகுதி ஒரே ஒரு தாவலின் வாரிசுகள். மனிதரிடம் இருந்த எஸ்.டி.5 என்ற கால்வழியின், போலந்தில் மட்டும் காணப்பட்ட ஒரு கிளை, அந்த ஆய்வுக்கு ஏறத்தாழ 38 ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது 1970ஐ ஒட்டி, கோழிக்குத் தாவியிருக்கிறது. உலகின் கறிக்கோழி இனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களின் கையில் குவிந்திருப்பதால், குஞ்சு போன இடமெல்லாம் கிருமியும் போயிற்று. மாட்டின் கதையோ பழையது. 2012இல் வெளியான ஒரு கணிப்பு, மனிதரிடமிருந்து மாட்டினத்துக்கு ஸ்டாஃப் தாவிய காலத்தைச் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பு என்று வைக்கிறது. மாடு வளர்ப்பு பரவிய காலம் அது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, சி.சி.97 என்ற மாட்டுக் கால்வழி மனிதருக்குத் திரும்பித் தாவி உலகெங்கும் பரவியதைக் காட்டியது.

ஆக மாட்டுக்குக் கொடுத்தோம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து அதில் ஒரு கிளை திரும்பி வந்தது. கோழிக்குக் கொடுத்தோம், நேற்றுத்தான். ஒன்று பட்டயம் எழுதிய காலத்துக் கடன், மற்றது நம் அப்பா காலத்துக் கடன். 2018இல் 43 விலங்கினங்களிலிருந்து எடுத்த 800க்கும் மேற்பட்ட ஸ்டாஃப் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டவர்கள், தாவல்களில் பெரும்பாலும் கொடுத்த கை மனிதனுடையது என்றும், மனிதனுக்குத் திருப்பிக் கொடுத்ததில் மாடு முதலிடம் என்றும் கண்டார்கள். அபர்டீனில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் 1880களில் இந்தக் கிருமிக்குத் திராட்சைக்கொத்து என்று பொருள்படும் பெயரை வைத்தபோது, அவர் நுண்ணோக்கியில் பார்த்ததும் மனிதச் சீழைத்தான். இன்றும் ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் இதைச் சுமந்துகொண்டு நலமாக நடமாடுகிறார்கள். கறப்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நம் தட்டுக்கு வந்துசேரும் விதத்திலும் ஒரு கோணல் உண்டு. பாலில் பெருகிய ஸ்டாஃபைக் கொதி கொல்லும், ஆனால் அது விட்டுச்சென்ற நச்சை அழிக்காது. 2000ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகாவில் 13,000க்கும் அதிகமானோர் பால் குடித்து வாந்தியெடுத்தது இதனால்தான். மின்தடையில் வெதுவெதுப்பாகக் கிடந்த பாலிலிருந்து செய்த பால்பொடியில் கிருமி செத்திருந்தது, நச்சு சாகவில்லை. கோழிக்கால் சூப் குடிப்பவர்கள் அஞ்ச வேண்டாம். கட்டியுள்ள பாதத்தைப் பார்த்தாலே யாரும் சட்டியில் போடமாட்டார்கள்.

நல்லெண்ணத்தால் வந்த வினைகளிலும் இரண்டும் ஜோடிதான். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் பழைய வகைக் கம்பிக்கூண்டைத் தடைசெய்து, கோழி ஒன்றுக்கு 15 செ.மீ. உட்காரும் கட்டை தரவேண்டும் என்றது. கோழிக்கு அது தேவையான சுகம். ஆனால் கட்டை வழுக்கினாலும் ஈரமாக இருந்தாலும் விளிம்பு கூராக இருந்தாலும் அதே கட்டை பாதக்கட்டியைக் கொண்டுவந்தது. கறவை இயந்திரமும் கைநோவு தீர்க்க வந்ததே. உறிஞ்சும் அழுத்தம் மிகுந்தாலோ பால் நின்ற பிறகும் கழற்றாமல் விட்டாலோ காம்பின் நுனி தடித்து வெடிக்கிறது. கையால் கறப்பதிலும் அப்படியே. கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் காம்பை நசுக்குபவர் வேகமாகக் கறப்பார், காம்பு புண்ணாகும். முழுக்கையால் கறப்பவரின் மாட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. அதற்காகக் கட்டையை எடுத்துவிட வேண்டும், இயந்திரத்தை விற்றுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கட்டையை இழைத்து உலரவைத்தால் போதும், இயந்திரத்தின் அழுத்தத்தைச் சரிபார்த்தால் போதும்.

இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகே 1960களில் பால்வள ஆய்வாளர்கள் மடிநோயைக் கட்டுப்படுத்த வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, கறந்த பின் ஒவ்வொரு காம்பையும் மருந்தில் முக்குவதும், பால்வற்றிய காலத்தில் எல்லா அறைக்கும் மருந்திடுவதும். காம்பு முக்க அயோடின் கரைசல் ஒரு சிறு கிண்ணம் போதும், அதற்கு மேல் செலவில்லை. கோழிக்கு இப்படி யாரும் விதி எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் உலர்ந்த கூளம், சிலாம்பில்லாத கட்டை, தாழ்வான உயரம் என்று மூன்றிலேயே முடிந்திருக்கும்.

நாளைக் காலை கறந்து முடித்ததும் மாட்டுக்குத் தீவனம் போடுங்கள். காம்பு மூடும்வரை அது படுக்காமல் நிற்கும். அந்த நேரத்தில் கொல்லையில் இருக்கும் கோழிகளில் இரண்டைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆனால் மாட்டிடம் போகுமுன்பு ஒருமுறை, அதைவிட்டுக் கோழியிடம் போகுமுன்பு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.